எண்ணெய் வைத்தால் அரிப்பு கூடும் தலைச்செதிலுக்கு ஆயுர்வேதம் சொல்வது

எட்டு மாதமாகத் தலையில் செதில் உதிர்கிறது, கடை ஷாம்பு போட்டால் இரண்டு வாரம் அடங்கி மறுபடி வந்துவிடுகிறது, வீட்டில் சொல்கிறார்களே என்று ராத்திரி நல்லெண்ணெய் வைத்துப் படுத்தால் மறுநாள் அரிப்பு தாங்கவில்லை, மூக்கோரத்திலும் புருவத்திலும்கூட மஞ்சளாக உரிகிறது, இதை வேரோடு எடுக்க ஆயுர்வேதத்தில் என்ன எண்ணெய் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். எண்ணெயின் பெயரைக் கேட்கிறீர்கள். அதற்கு முன்னால் தெரிய வேண்டியது, உங்கள் தலைக்கு இப்போது எண்ணெய் ஆகுமா என்பதுதான். நீங்கள் சொன்ன குறிகளை வைத்துப் பார்த்தால் ஆகாது. இது ஆயுர்வேதத்துக்கு எதிரான பேச்சு அல்ல, நூல்களில் உள்ளதே இதுதான். "பொடுகு என்றால் வறட்சி, வறட்சி என்றால் எண்ணெய்" என்ற வீட்டு வைத்தியக் கணக்கை ஆயுர்வேதம் என்று நினைத்துக்கொண்டு பலர் மாதக்கணக்கில் அவதிப்படுவதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நூல்களில் இந்த நோய்க்குத் தாருணகம் என்று பெயர். சுஸ்ருத சம்ஹிதை இதைச் சிறு நோய்களின் வரிசையில் வைக்கிறது. வாக்படர் எழுதிய அஷ்டாங்க ஹ்ருதயம், உத்தர ஸ்தானம் என்ற பகுதியில், மண்டையோட்டுப் பகுதிக்குரிய ஒன்பது நோய்களில் ஒன்றாகச் சொல்கிறது. வாக்படர் தரும் குறிகள் அரிப்பு, முடி உதிர்தல், மரத்துப்போன உணர்வு, வறட்சி, தோல் மிக நுண்ணியதாக வெடித்தல். இரண்டு நூல்களும் காரணமாகச் சொல்வது வாதமும் கபமும் சேர்ந்து கெடுவதை. சிகிச்சை முழுவதும் இந்தச் சேர்க்கையில்தான் நிற்கிறது. வறட்சியும் உரிதலும் வாதத்தின் வேலை, அதற்கு எண்ணெய் வேண்டும். அரிப்பும் பிசுக்கும் தடித்த செதிலும் கபத்தின் வேலை, அதற்கு எண்ணெய் பகை. அஷ்டாங்க ஹ்ருதயத்தில் அன்றாட ஒழுக்கத்தைச் சொல்லும் தினசரியை அத்தியாயம் எண்ணெய்த் தேய்ப்பின் நன்மைகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, கபம் மிகுந்தவர்களும், வாந்தி பேதி போன்ற சுத்தி சிகிச்சை முடித்தவர்களும், செரியாமை உள்ளவர்களும் எண்ணெய் தேய்க்கக் கூடாது என்று அதே இடத்தில் விலக்கும் வைக்கிறது. முதல் பாதியை எல்லாரும் சொல்கிறார்கள். இரண்டாம் பாதியைச் சொல்பவர்கள் குறைவு.

ஆகவே கண்ணாடி முன் நின்று செதிலைப் பாருங்கள். மாவு போல வெள்ளையாக, தட்டினால் சட்டையில் உதிர்ந்து, தலைத்தோல் இழுத்துப் பிடித்தது போலிருந்து, ஏசி அறையிலும் மார்கழிக் குளிரிலும் கூடினால் வாதம் மேலோங்கியது. மஞ்சளாக, பிசுபிசுப்பாக, நகத்தால் சுரண்டினால் மெழுகு போல ஒட்டிக்கொண்டு, அடியில் சிவந்து, மூக்கோரம், புருவம், காதின் பின்புறம், மார்பு நடு என்று எண்ணெய் சுரக்கும் இடங்களிலும் தெரிந்தால் கபம் மேலோங்கியது. நவீன மருத்துவத்தில் இந்த இரண்டாவதைச் செபோரிக் டெர்மடைடிஸ் என்பார்கள். உங்களுடையது பெரும்பாலும் இதுதான். நேரில் பார்க்காமல் அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது.

இந்த வகையில் எண்ணெய் ஏன் அரிப்பைக் கூட்டுகிறது என்பதற்கு இன்றைய அறிவியலில் தெளிவான விளக்கம் இருக்கிறது. மலசீசியா என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சை எல்லார் தலையிலும் வாழ்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்பு அமிலத்தைத் தானே செய்துகொள்ள அதற்குத் திறன் கிடையாது. நம் தோல் சுரக்கும் எண்ணெயை உடைத்துத்தான் பிழைக்கிறது. ஆய்வகத்தில் இதை வளர்ப்பவர்கள் வளர்ப்பு ஊடகத்தில் ஆலிவ் எண்ணெய் சேர்ப்பது வழக்கம். எண்ணெயை உடைக்கும்போது வெளியாகும் ஒலியிக் அமிலம், பொடுகு வரும் வாகுள்ளவர்களின் தோலை எரிச்சலூட்டி உரியச் செய்கிறது. நல்லெண்ணெயில் ஏறத்தாழ நூற்றுக்கு 40 பங்கு ஒலியிக் அமிலம், தேங்காய் எண்ணெயில் பத்துக்கும் குறைவு. கேரள வைத்திய மரபில் தலைச்செதிலுக்கான மருந்துகள் பல "கேரம்" என்று முடிவதையும், அதாவது தேங்காய் எண்ணெயில் காய்ச்சப்படுவதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம். அவர்கள் ஒலியிக் அமிலக் கணக்குப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை, அங்கே தேங்காய்தான் மலிவு என்பதும் உண்மை. ஆனாலும் கிடைத்த தேர்வு நல்ல தேர்வு. ராத்திரி முழுக்க நல்லெண்ணெயை ஊறவிட்டால் பூஞ்சைக்கு எட்டு மணி நேரம் தீனி போட்டதாகத்தான் ஆகும்.

நூல்கள் எண்ணெயைத் தனியாகச் சொல்லவும் இல்லை. தாருணகத்துக்குச் சுஸ்ருதர் சொல்லும் முறையில் நெய்ப்பும் வியர்வையும் கொடுத்து, ரத்தநாளத்தில் கீறி, மூக்கில் மருந்து பிழிந்து, தலையில் எண்ணெய் தேக்கி, பிறகு வரகு வைக்கோலைச் சுட்ட சாம்பலைக் கரைத்து வடித்த காரநீரால் கழுவச் சொல்கிறார். காரநீர் எண்ணெயோடு சேர்ந்தால் சோப்பாகி எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போய்விடும். எண்ணெய் செதிலை ஊறவைத்துத் தளர்த்தவும், மருந்தைத் தோலுக்குள் கொண்டு சேர்க்கவும்தான். வேலை முடிந்ததும் அது தலையில் தங்கக் கூடாது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதி நோய் குறையும். அதற்காகச் சாம்பல் நீரை இன்று யாரும் முயல வேண்டாம். அதன் காரம் அளவு தப்பினால் தோலைச் சுட்டுவிடும்.

உங்கள் நிலைக்குச் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் தலைக்கு எந்த எண்ணெயும் வேண்டாம். ஒன்றுவிட்டு ஒரு நாள் திரிபலாக் கஷாயத்தால் தலை கழுவுங்கள். கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் கொட்டை நீக்கியது சம அளவில், நைஸ் பொடியாக இல்லாமல் ஒன்றிரண்டாக இடித்தது 30 கிராம். ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டுச் சிறு தீயில் அரை லிட்டராகும்வரை கொதிக்கவிடுங்கள். இறக்குவதற்குச் சற்று முன் ஒரு கைப்பிடி வேப்பிலை சேர்க்கலாம். துணியில் வடித்து, கை பொறுக்கும் சூட்டுக்கும் கீழே ஆறவிட்டு, முடியை வகிர்ந்து வகிர்ந்து தோலில் படும்படி ஊற்றி, விரல் நுனியால் ஐந்து நிமிடம் மெல்லத் தேய்த்துவிட்டு, வெறும் தண்ணீரில் அலசுங்கள். இரும்புச் சட்டியில் காய்ச்சினால் கறுத்துப்போய் நரைமுடியிலும் துண்டிலும் கறை ஏறும், எவர்சில்வர் போதும். மீந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள், புளித்துவிடும். துவர்ப்புப் பிசுக்கைக் குறைக்கும், அரிப்பும் அடங்கும். தலை வறண்டு முடி நார் போலானால் வாரம் இரண்டாகக் குறையுங்கள்.

பிசுக்கு கஷாயத்துக்கு அடங்காவிட்டால் சீயக்காயோ அரப்போ சேர்க்கலாம். இங்கேதான் பலர் ஒரு தவறு செய்கிறார்கள். பொடியைத் தண்ணீரில் குழைத்து அப்படியே தலையில் வைத்துப் பரபரவென்று தேய்ப்பார்கள். திப்பி சிவந்த தோலில் நுண்ணிய கீறல் போடும், அடுத்த நாள் அரிப்பு இரட்டிக்கும், சீயக்காய் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு கட்டிவிடுவார்கள். இரண்டு மேசைக்கரண்டி பொடியை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மெல்லிய துணியில் வடித்து, அந்த நீரை மட்டும் பயன்படுத்துங்கள். கண்ணில் பட்டால் நன்றாக எரியும், குழந்தைகளுக்கு வேண்டாம். தோல் மெலிந்தவர்களுக்குச் சலித்த பாசிப்பயறு மாவு இன்னும் மென்மையானது. எதில் கழுவினாலும் தலைக்குச் சூடான தண்ணீர் கூடாது. வெந்நீர் கழுத்துக்குக் கீழே பலம் தரும், அதுவே தலையில் விழுந்தால் முடிக்கும் கண்ணுக்கும் பலத்தைக் கெடுக்கும் என்று வாக்படர் சொன்னது இந்த நோய்க்கு அச்சாகப் பொருந்துகிறது.

மூன்றாவது வாரத்திலிருந்து சிவப்பும் பிசுக்கும் குறைந்திருந்தால் மட்டும் மருந்தெண்ணெய்க்கு வரலாம். வாரம் இரண்டு முறை, முடியின் நீளம் எவ்வளவானாலும் 10 மில்லிக்கு மேல் வேண்டாம், முடியில் அல்ல தோலில், 20 நிமிடம், பிறகு மேலே சொன்னபடி முழுக்கக் கழுவ வேண்டும். நீங்கள் கேட்ட பெயர்களுக்கு வருகிறேன். தூர்தூரபத்ராதி கேரம் ஊமத்தை இலைச் சாற்றில் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். அரிப்பு அதிகமுள்ள செதிலுக்குக் கேரளத்தில் நெடுங்காலமாக வழங்குகிறது, நல்ல மருந்து. ஆனால் ஊமத்தை நஞ்சு. சொறிந்து புண்ணான தலையிலோ, குழந்தைகளுக்கோ, கர்ப்பிணிகளுக்கோ கூடாது. தேய்த்த கையோடு கண்ணைக் கசக்கினால் கண்ணின் பாப்பா விரிந்து பார்வை மங்கும். குஞ்சா தைலம் குன்றிமணி விழுதும் கரிசலாங்கண்ணிச் சாறும் சேர்த்து நல்லெண்ணெயில் காய்ச்சுவது, நூல்களில் தாருணகத்துக்கென்றே பெயர் சொல்லிச் சொன்னது. குன்றிமணியை உடைத்து வீட்டில் விளையாட வேண்டாம், அதன் பருப்பில் உள்ள நஞ்சு உயிரைப் பறிக்கக்கூடியது. இந்த இரண்டையும் மருத்துவர் பார்த்துச் சொன்னால், உரிம எண்ணும் தயாரித்த தேதியும் உள்ள புட்டியாக வாங்குங்கள். செதில் தடித்து வெள்ளி நிறத்தில் இருப்பவர்களுக்கு வெட்பாலை இலைத் தைலம் பொருந்தும். நீர்ப்பசை போக நிழலில் வாட்டிய இலையை நறுக்கி, மூழ்கும் அளவு தேங்காய் எண்ணெய் ஊற்றி, ஏழு நாள் வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதாக் கருஞ்சிவப்பாக மாறும். ஈர இலையைப் போட்டால் நிறம் வருவதற்குள் பூசணம் வந்துவிடும்.

வீட்டில் காய்ச்ச ஆசைப்பட்டால் கரிசலாங்கண்ணித் தைலம் பாதுகாப்பானது. விழுது ஒரு பங்கு, எண்ணெய் நான்கு பங்கு, சாறு பதினாறு பங்கு என்பது பொது விதி. 250 மில்லி தேங்காய் எண்ணெய்க்குத் தண்ணீர் விடாமல் இடித்துப் பிழிந்த சாறு ஒரு லிட்டர், இலை விழுது 60 கிராம். கனத்த பாத்திரத்தில் சிறு தீயில் வைத்து அடிவரை கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், விழுது அடியில் ஒட்டினால் தீய்ந்து எண்ணெய் கெடும். நீர் வற்றியதும் எண்ணெயின் மேல் நுரை கூடும். அப்போது விழுதைக் கொஞ்சம் எடுத்து விரலிடையில் உருட்டினால் திரியாகத் திரள வேண்டும், அந்தத் திரியை நெருப்பில் காட்டினால் சடசடக்காமல் எரிய வேண்டும். சடசடத்தால் நீர் இருக்கிறது. அப்படியே வடித்து வைத்தால் சில வாரத்தில் சிக்கு வாடை வரும், அந்த எண்ணெய் தலையை இன்னும் கெடுக்கும். தலைக்குத் தேய்க்கும் எண்ணெயில் விழுது சற்று முறுகியே இருக்கலாம், அதைக் கரபாகம் என்று நூல்கள் அனுமதிக்கின்றன. கருகினால் கீழே கொட்டிவிடுங்கள்.

உங்களுக்கு அல்லாமல், வறண்ட வெள்ளைச் செதில் மட்டும் உள்ளவர்களுக்கு வழி எளிது. அவர்கள் முதல் நாளிலிருந்தே தேங்காய் எண்ணெய்த் தைலத்தை அரை மணி நேரம் வைத்துக் கழுவலாம். சார்ங்கதர சம்ஹிதை சொல்லும் கசகசாப் பூச்சு இவர்களுக்கானது. இரண்டு மேசைக்கரண்டி கசகசாவைக் காய்ச்சி ஆறிய பாலில் இரண்டு மூன்று மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் போல அரைத்து, தோலில் பூசி, காய்ந்து இறுகுவதற்குள் 20 நிமிடத்தில் கழுவிவிட வேண்டும். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் இருப்பவர்கள் ஊரிலிருந்து கசகசா எடுத்துப் போகாதீர்கள், சட்டச் சிக்கல் வரும். அங்கே ஊறவைத்து அரைத்த வெந்தயம் போதும். வாக்படர் இன்னொரு பூச்சு சொல்கிறார். சாரப்பருப்பு, அதிமதுரம், கோஷ்டம், உளுந்து, கடுகு இவற்றை அரைத்துத் தேனில் குழைப்பது. இதில் கடுகு சிவந்த தோலை எரிக்கும். தேனுக்கு மட்டும் தனியாக ஒரு சிறு ஆய்வு உண்டு. 2001இல் வெளியான அதில் செபோரிக் டெர்மடைடிஸ் உள்ள 30 பேர், ஒன்பது பங்கு தேனில் ஒரு பங்கு வெதுவெதுப்பான நீர் கலந்து ஒன்றுவிட்டு ஒரு நாள் தடவி மூன்று மணி நேரம் வைத்துக் கழுவினார்கள். நான்கு வாரத்தில் அரிப்பும் செதிலும் நன்கு குறைந்தன, நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் திரும்பியது. முப்பது பேரை வைத்துப் பெரிய முடிவு சொல்ல முடியாது, ஆனால் தேன் கெடுதல் செய்யாது, உங்கள் வகைக்கும் ஆகும். எலுமிச்சைச் சாற்றை நேராகத் தலையில் பிழிவதைக் கைவிடுங்கள். அதோடு வெயிலில் போனால் நெற்றியிலும் கழுத்திலும் தோல் வெந்து கறுக்கும்.

எது உறுதி, எது சந்தேகம் என்பதையும் பிரித்துச் சொல்லியாக வேண்டும். பூஞ்சைக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது உறுதி. கீட்டோகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்து 2 சதவீதம் சேர்ந்த ஷாம்பு வேலை செய்கிறது என்பதும் பல ஆய்வுகளில் நிலைத்தது. ஆயுர்வேதத் தைலங்களுக்கு இருப்பது நீண்ட வழக்கும், குறைந்த எண்ணிக்கை நோயாளிகளை வைத்துச் செய்த சிறு ஆய்வுகளும்தான். அனுபவத்தில் பலன் தெரிகிறது என்பதும், சோதித்து நிறுவப்பட்டது என்பதும் வேறு வேறு. உணவைப் பற்றி நூல்கள் சொல்வதில் ராத்திரித் தயிர், பகல் தூக்கம், மீனும் பாலும் சேர்த்து உண்பது ஆகியவற்றை விலக்குவது கபக் கணக்குப்படி சரி. ஆனால் தயிரை நிறுத்தியதால் மட்டும் செதில் நின்றுவிடும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு மாதம் விட்டுப் பாருங்கள், மாற்றம் இல்லையென்றால் சாப்பிடுங்கள். உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து உங்கள் நிலைக்குத் தேவை என்று நான் நினைக்கவில்லை. குறிப்பாக ஆரோக்யவர்த்தினி என்ற ஆயுர்வேத மாத்திரையை இணையத்தில் பார்த்து வாங்கிச் சாப்பிடாதீர்கள், அதில் பாதரசமும் தாமிரமும் சேர்கின்றன.

கீட்டோகோனசோல் ஷாம்புவையும் இதையும் சேர்த்துச் செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். தாராளமாகச் செய்யலாம். வாரம் இரண்டு முறை, தோலில் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் நிற்கவிட்டுக் கழுவ வேண்டும். போட்டவுடன் அலசுவதால்தான் பலருக்குப் பலிப்பதில்லை. கஷாயத்தை இடைப்பட்ட நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். ஷாம்பு போட்ட அன்றே மீண்டும் எண்ணெய் வைக்காதீர்கள்.

சில நிலைகளில் வீட்டில் எதுவும் செய்யாமல் மருத்துவரிடம் போக வேண்டும். குழந்தைக்குச் செதிலோடு வட்டமாக முடி ஒடிந்து கரும்புள்ளி போலத் தெரிந்தால் அது படர்தாமரை வகை, உள்ளுக்கு மாத்திரை இல்லாமல் தீராது, சீப்பு மூலம் மற்றக் குழந்தைகளுக்கும் பரவும். சாதாரணப் பொடுகு அப்படிப் பரவுவதில்லை. வெள்ளிச் செதில் நெற்றி ஓரத்தைத் தாண்டி வந்து, முழங்கை முழங்காலிலும் தெரிந்து, நகத்தில் குண்டூசிக் குழிகள் இருந்தால் சொரியாசிஸ். அதற்குக் கேரள முறையில் நெல்லிக்காயும் கோரைக்கிழங்கும் சேர்த்த மோரைத் தலையில் தாரையாக ஊற்றும் தக்ரதாரை உண்டு, மருத்துவமனையில் செய்ய வேண்டியது. நீர் வடிந்து பல துளைகள் உள்ள புண்களாக இருந்தால் நூல்கள் அதை அரும்ஷிகா என்று தாருணகத்திலிருந்து பிரிக்கின்றன, அங்கே மருந்து நீரை ஊற்றச் சொல்கின்றன. முடிச்சாயம் போட்ட பிறகு தொடங்கிய அரிப்பு என்றால் முதலில் சாயத்தை நிறுத்துங்கள். உங்களைப் போல முகத்திலும் பரவியது திடீரென்று மிகக் கடுமையானால், உடலின் எதிர்ப்புத் திறனைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை அவசியப்படலாம்.

கடைசியாக, வேரோடு போகுமா என்ற கேள்வி. பூஞ்சை தோலின் நிரந்தரக் குடி, எண்ணெய் சுரப்பும் உங்கள் உடல்வாகு. ஆகையால் இந்த நோயை அடக்கி வைக்கலாம், ஒரேயடியாக ஒழித்துவிடுவேன் என்று எந்த மருத்துவ முறையும் வாக்குக் கொடுக்க முடியாது. தோல் புதிதாக மாறச் சுமார் நான்கு வாரம் ஆகும், அதுவரை மருந்தை மாற்றாமல் பாருங்கள். அடங்கிய பிறகும் வாரம் ஒரு முறை கஷாயக் கழுவலும், வியர்த்த தலையில் ஹெல்மெட்டை நேராகப் போடாமல் உள்ளே பருத்தித் துணி கட்டி அதைத் தினமும் துவைப்பதும், ஈரத் தலையோடு கொண்டை போடாமல் காயவிடுவதும் தொடரட்டும். நான்கு வாரத்தில் பாதியளவு கூடக் குறையவில்லையென்றால் என் கணிப்புத் தவறாக இருக்கலாம். தோல் மருத்துவரிடம் தலையைக் காட்டிவிட்டு, அவர் சொன்ன நோயின் பெயரோடு இங்கே எழுதுங்கள், அதற்கேற்ற தைலத்தைப் பார்க்கலாம்.